ஒரே அளவு பக்கெட், மூன்று வேறு இயந்திரங்கள்: திறந்தவெளிச் சுரங்கத்துக்கு எதை வாங்குவது?

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்லிவிடுகிறேன். உடைத்த பாறையை அள்ளி டம்பர் எனப்படும் சுரங்க லாரியில் ஏற்றும் கயிற்று ஷவல், ஹைட்ராலிக் எக்ஸ்கவேட்டர், சக்கர லோடர் ஆகிய மூன்றின் விவரக் குறிப்புகளையும் பார்த்திருக்கிறீர்கள். மூன்றிலும் பக்கெட்டின் கொள்ளளவு 20 கன மீட்டர் என்றே இருக்கிறது. அப்படியானால் மூன்றும் ஒரே அளவு பாறையைத்தானே அள்ள வேண்டும், பிறகு ஏன் விலையிலும் ஆயுளிலும் இவ்வளவு வேறுபாடு, மூன்று முகப்புகளிலிருந்து (பாறையை வெட்டி அள்ளும் இடங்களிலிருந்து) தாதுவைக் கலந்து அனுப்ப வேண்டிய, 8 ஆண்டு ஆயுள் கொண்ட ஒரு சுரங்கத்துக்கு இவற்றில் எது பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த இயந்திரம் என்று கேட்பதாகத் தோன்றினாலும், பக்கெட்டின் அளவை வைத்து உற்பத்தியைக் கணித்துவிடலாமா என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள். அப்படிக் கணிக்க முடியாது என்பதே என் பதில். 23 ஆண்டுகள் திறந்தவெளிச் சுரங்கங்களில், முதலில் ஷிஃப்ட் பொறுப்பிலும் பின்னர் உற்பத்தித் திட்டமிடலிலும் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் அறிந்தவை கடினப் பாறைத் தாதுச் சுரங்கங்களும் நிலக்கரிச் சுரங்கங்களும். மென்மையான மண்ணை வெட்டும் வாளிச் சக்கர இயந்திரங்களை அருகில் நின்று பார்த்திருக்கிறேனே தவிர, அவற்றை வைத்துத் திட்டமிட்ட அனுபவம் எனக்கு இல்லை.

பக்கெட்டின் அளவை ஒதுக்கிவிட்டு, அதே விவரக் குறிப்புகளில் இயந்திரத்தின் மொத்த எடையைப் பாருங்கள். இந்த அளவு பக்கெட் உள்ள சக்கர லோடரின் எடை 200 டன்னைச் சற்றுத் தாண்டும். ஹைட்ராலிக் எக்ஸ்கவேட்டர் 350 முதல் 400 டன் வரை இருக்கும். கயிற்று ஷவலோ 600 டன்னைத் தாண்டிவிடும். ஒரே பக்கெட்டைத் தூக்குவதற்கு ஒன்று மற்றொன்றைப் போல மூன்று மடங்கு எடையோடு நிற்கிறது என்றால், அந்த எடை எதற்குப் பயன்படுகிறது என்று கேட்க வேண்டும். பாறைக் குவியலுக்குள் பற்களைச் செலுத்தும்போது பாறை இயந்திரத்தைத் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை ஆண்டுக்கணக்கில் தாங்கி நிற்க ஒவ்வொன்றும் என்ன ஏற்பாடு செய்திருக்கிறது என்பதில்தான் விலை, ஆயுள், உற்பத்தி ஆகிய மூன்றின் வேறுபாடும் அடங்கியிருக்கிறது.

கயிற்று ஷவலின் அடிப்படை அசைவு வில்லியம் ஓட்டிஸ் 1839-இல் காப்புரிமை பெற்ற நீராவி ஷவலிலிருந்து இன்றுவரை பெரிதாக மாறவில்லை. முன்பக்கம் சாய்ந்து நிற்கும் நீண்ட எஃகுச் சட்டமான பூம் வேலையின்போது அசைவதில்லை. அதன் நடுவில் பொருத்திய கைப்பிடி பக்கெட்டை முன்னே தள்ளுகிறது, பூமின் நுனியிலுள்ள கப்பி வழியாக வரும் எஃகுக் கயிறுகள் அதை மேலே இழுக்கின்றன. பக்கெட் குவியலின் அடியில் நுழைந்து, வளைகோட்டில் மேலே ஏறி, உச்சியில் நிரம்பி வெளிவரும். இழுக்கும் விசை மிகப் பெரியது என்பதால் சுமாராக உடைந்த பாறையையும் அது பெயர்த்துவிடும். பல ஆண்டு அனுபவமுள்ள ஆபரேட்டரின் அருகில் ஒரு ஷிஃப்ட் உட்கார்ந்தால் இதை நேரில் உணரலாம்: பக்கெட் ஒரு பெரிய கல்லில் மாட்டியதும் கயிறுகள் விறைக்கின்றன, மோட்டாரின் ஒலி கனக்கிறது, அவர் இழுப்பைக் கூட்டாமல் தள்ளலைச் சற்றுத் தளர்த்துகிறார், பக்கெட் கல்லை விட்டு விலகி வேறு வழியாக மேலேறுகிறது. அனுபவமில்லாதவர் அந்த நொடியில் மேலும் தள்ளுவார். பூம் மேலே எழும்பி, அதைத் தாங்கும் கம்பிகள் தளர்ந்து, பின் மொத்த எடையோடு கீழே விழும். அப்படி விழும் ஒவ்வொரு முறையும் பூமின் பற்றவைப்புகளில் விரிசலுக்கான விதை விழுகிறது. இயந்திரத்தை ஒருவர் எப்படி ஓட்டினார் என்பது சில ஆண்டுகள் கழித்து அந்த விரிசல்களில்தான் தெரியவரும்.

ஹைட்ராலிக் எக்ஸ்கவேட்டரில் பூம், கை, பக்கெட் மூன்றும் தனித்தனி சிலிண்டர்களால் அசைகின்றன. இதனால் குவியலின் எந்த உயரத்திலும், எந்தக் கோணத்திலும் பற்களைச் செலுத்த முடிகிறது; பக்கெட்டை மணிக்கட்டு போல மடக்கி ஒரு கல்லைத் தனியே நெம்பி எடுக்கவும் முடிகிறது. தாதுவும் கழிவுப் பாறையும் அடுக்கடுக்காகக் கலந்து கிடக்கும் முகப்பில் இதன் மதிப்பு மிக அதிகம், ஏனென்றால் கயிற்று ஷவல் அடியிலிருந்து மேல்வரை ஒரே வீச்சில் வாரும்போது இரண்டையும் கலந்துவிடும். ஹைட்ராலிக் இயந்திரத்தைப் பேக்ஹோ அமைப்பில், அதாவது பக்கெட் தன்னை நோக்கி வாரும்படி, வாங்கினால், அது பெஞ்சின் (படிபோல வெட்டிய பாறைத் தளத்தின்) மேல் நின்றுகொண்டு கீழே நிற்கும் டம்பருக்குள் இறக்கும். பக்கெட்டை அதிக உயரம் தூக்க வேண்டியதில்லை, சுழலும் கோணமும் குறைகிறது, கீழ்த்தளம் சேறாக இருந்தாலும் இயந்திரம் உலர்ந்த இடத்தில் நிற்கிறது. அதே நேரத்தில், தான் நிற்கும் தரையையே அது அடியில் தோண்டிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. செயின் தடங்கள் முகப்புக்குச் செங்குத்தாகவும், அவற்றை ஓட்டும் மோட்டார்கள் பின்பக்கமாகவும் இருக்கும்படி நிறுத்த வேண்டும் என்பதை நான் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். விளிம்பு சரியத் தொடங்கினால் நேராகப் பின்வாங்க அந்த ஒரே வழிதான் இருக்கிறது. பக்கவாட்டில் நிற்கும் இயந்திரம் முதலில் திரும்ப வேண்டும், அதற்கு நேரம் இருக்காது.

சக்கர லோடர் மற்ற இரண்டைப் போல நின்ற இடத்திலிருந்து சுழல்வதில்லை. முழு உடலோடு முன்னே ஓடிக் குவியலில் குத்தி, பின்வாங்கித் திரும்பி, டம்பரை நோக்கி மீண்டும் ஓடி இறக்குகிறது. மற்ற இரண்டும் ஒரு பக்கெட்டுக்கு ஏறத்தாழ 30 விநாடி எடுத்துக்கொண்டால், இதற்கு 45 முதல் 60 விநாடி ஆகும். தள்ளும் விசை டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானத்தைப் பொறுத்தது. தரையில் கூரான கற்களும் நீரும் இருந்தால் டயர் வழுக்கும், வழுக்கும்போது வெட்டுப்படும். ஆள் உயரத்தைவிடப் பெரிய அந்த டயர்கள்தான் இந்த இயந்திரத்தின் செலவுக் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியவை. உயரமான, செங்குத்தான குவியலின் அடியில் இதை வேலை செய்ய விடுவது ஆபத்து. வெடிவைப்பு பாறையைத் தாழ்வாகப் பரப்பிப் போட்டிருந்தால்தான் இது நன்றாக ஓடும். இத்தனை குறைகள் இருந்தும் இதை எந்தச் சுரங்கமும் எளிதில் விடாததற்குக் காரணம், வேறு முகப்புக்குச் சில நிமிடங்களில் இது போய்ச் சேர்ந்துவிடும் என்பதே. கயிற்று ஷவல் மனிதன் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக, மின்கேபிளையும் இழுத்துக்கொண்டு நகர வேண்டியது; அதை ஒரு முகப்பிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோவது பல நேரங்களில் ஒரு ஷிஃப்டையே விழுங்கிவிடும்.

இனி 20 கன மீட்டர் என்ற எண்ணுக்கு வருகிறேன். மலையில் இருக்கும்போது ஒரு கன மீட்டருக்கு 2.7 டன் எடையுள்ள பாறை உடைந்தால், இடையில் வெற்றிடம் விழுந்து ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இடத்தைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு கன மீட்டரில் 1.8 டன்தான் இருக்கும். 20 கன மீட்டர் பக்கெட் 90% நிரம்பினால் 32.4 டன். 136 டன் சுமக்கும் டம்பரில் நான்கு பக்கெட் போட்டால் ஏறத்தாழ 130 டன். இது நல்ல பொருத்தம். அதே பக்கெட்டை 150 டன் டம்பரோடு சேர்த்தால் ஒவ்வொரு பயணத்திலும் 20 டன் இடம் காலியாகப் போகும், அல்லது ஐந்தாவது பக்கெட்டை அரைகுறையாக நிரப்பிப் போட வேண்டியிருக்கும். அரை பக்கெட்டுக்கும் அதே 30 விநாடிதான். வெடிவைப்பு மோசமாகி, கற்கள் பெரிதாகி, பக்கெட் 75% மட்டுமே நிரம்பினால் 27 டன்னாகிவிடும். முன்பு நான்கில் நிரம்பிய டம்பருக்கு இப்போது ஐந்து வேண்டும். இயந்திரம் மாறவில்லை, பக்கெட்டும் மாறவில்லை, உற்பத்தி மட்டும் சரிந்திருக்கிறது. அதிகமாக நிரப்பிச் சரிக்கட்டலாம் என்று நினைப்பதும் தவறு. இயந்திரத் தயாரிப்பு நிறுவனமான கேட்டர்பில்லர் வகுத்த 10/10/20 விதியைப் பல சுரங்கங்கள் பின்பற்றுகின்றன: சராசரிச் சுமை குறித்த அளவைத் தாண்டக் கூடாது, 110%-ஐத் தாண்டும் பயணங்கள் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகக் கூடாது, 120%-ஐ ஒன்றுகூடத் தாண்டக் கூடாது. டம்பரின் பிரேக்கும் டயரும் சட்டமும் அந்த அளவுக்குத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன.

காத்திருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் பார்த்த உற்பத்தி இழப்பில் பெரும்பகுதி பக்கெட்டுக்குள் நடந்ததல்ல. ஒரு முறை உற்பத்தி குறைகிறது, ஷவலை மாற்ற வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுக்கும் நிலையில், ஸ்டாப்வாட்சோடு முகப்பருகே பாதுகாப்பான இடத்தில் இரண்டு ஷிஃப்டுகள் நின்று குறித்தேன். நான்கு பக்கெட்டுக்கு 120 விநாடி. அது விவரக் குறிப்பில் சொன்னபடியே இருந்தது. ஆனால் நிரம்பிய டம்பர் விலகி அடுத்தது பின்னால் வந்து சரியாக நிற்க 45 விநாடி ஆனது, அதுவரை ஷவல் சும்மா நின்றது. மணிக்கு 30 டம்பர் நிரப்பக்கூடிய இயந்திரம் 21 டம்பர்தான் நிரப்பிக்கொண்டிருந்தது. அடுத்த டம்பர் வந்து நிற்பதற்குள் முதல் பக்கெட்டை நிரப்பி உயர்த்தி வைத்திருக்கும் பழக்கத்தை ஏற்படுத்தியதும் அது 25 ஆனது. இரு பக்கமும் டம்பர் நிற்கும்படி முகப்பை அகலப்படுத்திய பிறகு, டம்பர் போதுமான எண்ணிக்கையில் வந்த நேரங்களில், 30-ஐ நெருங்கியது. புதிய ஷவல் வாங்கவில்லை. முகப்பின் அகலம், டம்பர்களின் எண்ணிக்கை, பாறையை நொறுக்கும் கிரஷரின் திறன் ஆகிய மூன்றும் கணக்கில் வராத எந்த இயந்திரத் தேர்வும் அரைகுறையானது என்பதை அந்த இரண்டு ஷிஃப்டுகளில்தான் நான் முழுமையாகக் கற்றேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். பக்கெட்டின் பற்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பக்கெட்டின் விளிம்பில் எஃகு முளையால் பூட்டப்பட்டிருக்கும் வார்ப்பு எஃகுப் பற்கள் தேய்வதற்கென்றே உள்ளவை. தேய்ந்து மழுங்கினால் அதே விசை ஊடுருவாமல் வீணாகும், பக்கெட் நிரம்ப நேரம் கூடும். அதைவிடப் பெரிய கவலை, பல் கழன்று போவது. ஒரு இரவு ஷிஃப்டில் ஆபரேட்டர் வானொலியில் அழைத்து, பக்கெட் பாறையில் நுழையும் ஒலி மாறியிருக்கிறது என்றார். பக்கெட்டைத் தரையில் கிடத்தி விளக்கடித்து எண்ணினோம். ஆறில் ஒன்று இல்லை, அந்த இடத்தில் அடிக்கட்டை மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. அதற்குள் மூன்று டம்பர்கள் போயிருந்தன. இரண்டைத் தடுத்து நிறுத்திக் கொட்டிப் பார்த்தோம். பல் மூன்றாவதில் இருந்தது, அது ஏற்கெனவே கிரஷருக்குள் இறங்கிவிட்டது. கிரஷரில் சிக்கிய பல்லை வெட்டி எடுப்பது மிகவும் ஆபத்தான வேலை: தாடைகளுக்கிடையே அழுத்தப்பட்டு நிற்கும் எஃகு, பிடி தளரும் நொடியில் குண்டுபோலப் பாயும், பல நாடுகளில் இதில் உயிர்கள் போயிருக்கின்றன. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கிரஷர் அந்த ஷிஃப்ட் முழுதும் நின்றது. எந்த இயந்திரத்தை வாங்கினாலும், ஷிஃப்டுக்குப் பலமுறை பற்களை எண்ணும் ஒழுங்கையும், பல் கழன்றால் உடனே காட்டும் கேமரா அமைப்பையும் விலையோடு சேர்த்துப் பேசுங்கள்.

இதுவரை சொன்ன இயக்கமுறைகள் எந்தச் சுரங்கத்திலும் மாறாதவை. இனிச் சொல்லும் எண்களை அந்த உறுதியோடு எடுத்துக்கொள்ளாதீர்கள். திட்டமிடும்போது கயிற்று ஷவலுக்கு 1,00,000 மணி நேரமும் அதற்கு மேலும், ஹைட்ராலிக் எக்ஸ்கவேட்டருக்கு 50,000 முதல் 60,000 மணி நேரமும், சக்கர லோடருக்கு அதைவிடக் குறைவாகவும் ஆயுள் வைப்பது வழக்கம். பாறையின் கடினம், பராமரிப்பு, ஆபரேட்டரின் கை ஆகியவை இந்த எண்களை இரு பக்கமும் வெகுதூரம் இழுக்கும். ஒரு டன் பாறைக்கு ஆகும் செலவில் கயிற்று ஷவல்தான் மலிவு என்ற கூற்று, நீண்ட காலம், ஒரே முகப்பில், நல்ல மின்விநியோகத்தோடு ஓடும் இடத்தில் பெரும்பாலும் சரியாக இருக்கிறது. அது மின்சாரத்தில் ஓடுவதும், சுழற்சியை நிறுத்தும்போது மோட்டார்கள் மின்னாக்கியாக மாறி மின்சாரத்தைத் திருப்பிக் கொடுப்பதும் அதற்குத் துணை. ஆனால் அந்தக் கூற்றை எல்லா இடத்துக்கும் பொதுவாக்குபவர்களை நான் நம்புவதில்லை. ஹைட்ராலிக் இயந்திரங்களும் மின்மோட்டாரோடு கிடைக்கின்றன. அவற்றின் செலவு, எண்ணெயைத் தூசியில்லாமல் வைத்திருக்கும் பட்டறையின் சுத்தத்தைப் பொறுத்தே ஏறவும் இறங்கவும் செய்கிறது.

டிராக்லைனையும் வாளிச் சக்கர எக்ஸ்கவேட்டரையும் ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அவை வேறு வகை நிலத்துக்கானவை. டிராக்லைன், கிடையாகப் படிந்த நிலக்கரியின் மேலுள்ள மண்ணையும் பாறையையும் வாரி, ஏற்கெனவே நிலக்கரி எடுத்த பள்ளத்தில் நேரடியாகக் கொட்டுகிறது; டம்பரே தேவையில்லை. அமெரிக்காவின் ஒஹையோவில் 1969 முதல் 1991 வரை ஓடிய பிக் மஸ்கி என்ற டிராக்லைனின் பக்கெட் 168 கன மீட்டர் கொள்ளும். வாளிச் சக்கர எக்ஸ்கவேட்டர் நிறுத்தாமல் வெட்டி கன்வேயரில் கொட்டுவது. ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்காகக் கட்டப்பட்ட பாகர் 293 ஏறத்தாழ 14,200 டன் எடையோடு நாளுக்கு 2,40,000 கன மீட்டர் வெட்டும் திறன் கொண்டது. மென்மையான நிலம் இருந்தால்தான் அதற்கு அந்தத் திறன். நெய்வேலியில் மேலடுக்கிலுள்ள கடினமான மணற்பாறை வாளிகளின் பற்களை வேகமாகத் தேய்த்ததால், வெட்டுவதற்கு முன் வெடிவைத்துத் தளர்த்த வேண்டியிருந்தது. சாய்ந்தும் முறிந்தும் கிடக்கும் கடினப் பாறைத் தாதுவில் இந்த இரண்டுக்கும் இடமில்லை.

இப்போது உங்கள் சுரங்கத்துக்கு வருகிறேன். ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடினால் 8 ஆண்டில் 48,000 மணி நேரம் ஆகும். கயிற்று ஷவலின் ஆயுளில் பாதி தீர்வதற்குள் உங்கள் தாது தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கும் நீங்கள் முன்கூட்டியே விலை கொடுத்திருப்பீர்கள். மூன்று முகப்புகளிலிருந்து கலக்க வேண்டும் என்பதும் ஒரே இடத்தில் ஊன்றி நிற்கும் இயந்திரத்துக்கு எதிரானது. எனவே 20 கன மீட்டர் ஷவல் ஒன்றுக்குப் பதிலாக, அதைவிடச் சிறிய ஹைட்ராலிக் பேக்ஹோ இரண்டையும், மூன்றாவது முகப்புக்கும், இவற்றில் ஒன்று பழுதாகி நிற்கும் நாளுக்கும் உதவ ஒரு சக்கர லோடரையும் நான் பரிந்துரைப்பேன். மூன்றும் ஒரே அளவு டம்பரை மூன்று முதல் ஐந்து பக்கெட்டுகளில் நிரப்புமாறு தேர்ந்தெடுங்கள். லோடரின் பக்கெட் டம்பரின் பக்கச்சுவரைத் தாண்டும் உயரத்துக்கு எழும்புமா என்பதை வரைபடத்தில் அளந்து பாருங்கள், இதில் பலர் தவறியிருக்கிறார்கள். இரண்டு விஷயங்கள் தெரியவந்தால் என் கருத்து மாறும். தாதுவைத் தேடும் கூடுதல் துளையிடலில் சுரங்கத்தின் ஆயுள் 20 ஆண்டாக நீளும் என்று உறுதியானால், கழிவுப் பாறை முகப்புக்கு மட்டும் கயிற்று ஷவலைத் திரும்பவும் கணக்கிட்டுப் பார்ப்பேன். உங்கள் வெடிவைப்புக் குவியல் தாழ்வாகப் பரவாமல் உயர்ந்து நிற்கும் என்றால், லோடரை அங்கே அனுப்பாமல் கலவைக் கிடங்கில் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.